எலும்பு சாரும் ஜூஜுவாடி செக்போஸ்ட்டும்

ஓசூரிலேயே உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களோடு நெருக்கமாகப் பழகிய ஒரே மனிதர் எங்கள் ‘எலும்பு சார்’தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். என் அறையில் பங்குக்கு வந்து சேர்ந்தவர் அவர். சூளகிரிப் பக்கம் ஆதிகாலத்து இடுகாடு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடைக்கும் எலும்புகளை ஆராய்வது சாரின் வேலை. நான் சாம்பாரைப் பிசையும்போதுதான், “ஒருத்தன் கணுக்கால் எலும்பு கெடச்சிருக்குங்க. காலமெல்லாம் குந்தியே உக்காந்திருக்கான், பாவம்” என்பார்.

எலும்புக்குப் படித்தவர் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கார அம்மா ஒருநாள் மாடியேறி வந்தார்.

“முட்டி நோவுது சார். கொஞ்சம் பாருங்க.”

“மேல சதை இருந்தா எனக்கு ஒன்னும் தெரியாதுங்கம்மா” என்றார் சார், நிஜமான வருத்தத்தோடு. ஒரு வாரம் எங்களுக்குத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை.

ஒரு சனிக்கிழமை, மண்டை ஓடு ஒன்றை எக்ஸ்ரே எடுக்க பெங்களூர் கொண்டு போனார். துணைக்கு நான். திரும்பும்போது மாநில எல்லையிலிருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில், கர்நாடகச் சரக்கு வருகிறதா என்று பஸ்ஸைச் சோதித்த போலீஸ்காரர் சாரின் மடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். கை அப்படியே நின்றது.

“யாருய்யா இது?”

“ஒரு அம்மா சார். முப்பது வயசுக்குள்ள. கடவாப்பல்லு சீழ் வச்சு ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க.”

எங்களை இறக்கி எஸ்.ஐ. முன்னால் நிறுத்தினார்.

“எப்ப செத்தாங்க?” என்றார் எஸ்.ஐ.

“ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும் சார்.”

“தமிழ்நாட்டுலயா, கர்நாடகாவுலயா?”

“அப்ப பார்டரே கெடையாதுங்களே.”

“அப்ப கேஸ் யாருய்யா போடறது?”

பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் எஸ்.ஐ. அதிர்ந்து பேசியறியாத சார் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“தனியா விட்டுட்டுப் போவமாட்டேன் சார். யாராவது தூக்கிப்போட்டா தாடை நொறுங்கிடும். வேணும்னா என்னையும் உள்ள வைங்க.”

சாரிடம் அவருடைய பேராசிரியரின் நம்பரை வாங்கி, எஸ்.ஐ. போன் போட்டு விசாரித்தார். போனை வைத்ததும் குரலைத் தாழ்த்தி, “பல்லு வலிக்கு அந்தக் காலத்துல என்னா பண்ணாங்க?” என்றார்.

“ஒன்னும் பண்ணலிங்க சார். செத்துட்டாங்க.”

எஸ்.ஐ.யின் கை தன் கன்னத்துக்குப் போனது. “கெளம்புங்க” என்றார்.

அடுத்த பஸ்ஸில் ஒரே கூட்டம். ஒரு பெண் நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்து, “கண்ணாடிச் சாமானுங்களா?” என்றாள்.

சார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

“ஆமாங்க” என்று முந்திக்கொண்டேன் நான். பஸ் குழியில் இறங்கி எகிறும்போதெல்லாம், பெட்டியின் மறுபக்கத்தை ஓசூர் வரும்வரை நானும் பிடித்துக்கொண்டேன்.