சாயாத கேக்

நூலகர் கேக் பெட்டியை வாசலில் வைத்து, அழைப்பு மணியை அழுத்திவிட்டு, கதவு திறப்பதற்குள் ஓட்டம் பிடித்தார்.

பெட்டிக்குள் என்ன நிலைமை என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி காலையெல்லாம் நின்று செய்த மூன்றடுக்குக் கேக் அது. சிக்னலில் பிரேக் பிடித்ததும் அவருடைய க்ரூஸர் பைக் மூக்குக் குப்புற இறங்கியது. கேக் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது.

வீடு திரும்பியதும், "என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லலை."

பொய் இல்லை.

"ஏங்க, போன தடவை சாஞ்சுதே. பேசாம கார்ல அனுப்பிடலாமா?"

"நான்தான் கொண்டுபோவேன். வண்டியைச் சரிபண்றேன், பாரு."

இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் ஆரம்பித்த தொழில். அது தன் வண்டியால் கவிழ்வதா?

மெக்கானிக் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தார். "உள்ள ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு சார். இறுக்கமா ஒண்ணு போட்டுருவோம்."

போட்டார்கள். வண்டி குனிவது நின்றது. ஆனால் சின்னக் கல்லுக்கெல்லாம் துள்ளியது. அடுத்த கேக்கின் மேலடுக்கு பெட்டி மூடியில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மணி, மறுபடி ஓட்டம்.

"ஃபோர்க் ஆயிலைக் கெட்டியா மாத்தினா துள்ளாது சார்."

மாற்றினார்கள். துள்ளவில்லை. பள்ளத்தில் இறங்கிய முன்பக்கம் மேலே எழுந்து வரத்தான் சோம்பல்பட்டது. அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட்டது. கேக் துணி பிழிந்த மாதிரி திருகிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

"விட்டுருங்களேன். தூக்கத்துல ஸ்பிரிங், ஸ்பிரிங்னு பொலம்புறீங்க."

"ஒரு கை பார்க்காம விடமாட்டேன்."

நூலகத்திலிருந்த வண்டிப் புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்தார். முதலில் மெத்தென்று அமுங்கி, அழுத்த அழுத்த இறுகும் ஸ்பிரிங் ஒன்றைத் தேடி வரவழைத்தார். மெக்கானிக்கின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் ஆயிலைத் தானே அளந்து ஊற்றினார். பின்சீட்டில் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். சொட்டுகூடச் சிந்தவில்லை. மெக்கானிக்கே கைதட்டினார்.

முதலில் ஓடி வந்தாரே, அதே வீட்டிலிருந்து மறுபடி ஆர்டர் வந்தது. இம்முறை ஐந்தடுக்கு. மனைவி பெட்டியைக் கயிறு போட்டு இரண்டு முறை கட்டினாள்.

"பத்திரங்க."

கேக் கோபுரம் மாதிரி போய் இறங்கியது. நூலகர் மணியை அழுத்தினார். ஓடவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த பெண்மணி மூடியைத் தூக்கினாள். முகம் சுண்டிப்போனது.

"என்ன சார், எல்லாக் கடையிலயும் கிடைக்கிற மாதிரி நேரா நிக்குது? அந்தக் கோணல் டிசைனுக்காகத்தானே மறுபடி உங்ககிட்ட சொன்னோம்!"