நாலு சுரப் பேரின்பநாதன்

வாசகரே, 'சுரம்பிடியர்' என்றோர் இனம், எந்தச் சத்தத்திலும் தமக்குப் பிடிபட்ட ஒரே மெட்டைக் கேட்பவர்கள், நம்மிடையே நடமாடுகிறது. பார்த்தால் சாதாரண மனிதர் போலவே இருப்பார்கள். அவர்கள் காதை மட்டும் நம்பாதீர்கள். கனடாவில், மொன்றியலில் இந்த இனத்துக்குத் தலைவர் எங்கள் பேரின்பநாதன் அண்ணை.

சிறுவயதில் மன்னார்த் தேவாலயப் பாடகர் குழாமில் அவர் கற்றவற்றில் மிஞ்சியது ஒரு லத்தீன் பாட்டு. கடைசித் தீர்வை நாளைப் பற்றியது. பல நூற்றாண்டுப் பழையது. முன்பு சாப்பூசையில் பாடுவார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அதன் முதல் நாலு சுரம், ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி, பிறகு சறுக்கி விழுகிற அந்த நாலும், இசையமைப்பாளர்கள் கையில் அகப்பட்டு, சிம்பொனிகளுக்குள் புகுந்து, அங்கிருந்து பேய்ப்படங்களுக்குக் குடிபெயர்ந்து, திரையில் யாராவது சாகப்போகிறார் என்றால் இன்றைக்கும் ஓடி வந்துவிடுகிறது. இது உண்மை. அண்ணை உண்மையோடு நிற்பவரா?

படம் ஓடுகிறதா? நிறுத்துவார். "பொறுங்கோ, கேட்டனீங்களோ? அதே நாலு." கதாநாயகன் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நிற்க, அண்ணை பாடிக் காட்டுவார். மெற்றோ ரயில் கதவு மூடும்போது, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் குளிர்பெட்டி உறுமும்போது, பனி வழிக்கும் வண்டி பின்பக்கமாக வரும்போது, எல்லாவற்றிலும் அதே நாலு. நாங்கள் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸ் புறநகரில் யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டுமுன் ஒருமுறை, வெட்டியபின் ஒருமுறை. கவனிக்கவில்லையா? சத்தமாகப் பாடுவார்.

போன ஆவணியில் பேனாட், அக்னெஸ் தம்பதியின் மகள் றொஷினிக்குச் சனிக்கிழமை கலியாணம். திங்களன்று கோவிலில் ஒத்திகை. தான் உள்ளே நடந்து வருவதற்கு மணப்பெண்ணே ஒரு மெட்டுப் போட்டிருந்தாள். ஒரு வருட உழைப்பு. ஓர்கன் இரண்டு வரி வாசித்திருக்காது, அண்ணையின் கை உயர்ந்தது.

"பிள்ளை, இது சாவீட்டுப் பாட்டெல்லோ."

அக்னெஸ் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். "ஐயோ, இதுக்கோ என்ர பிள்ளை கால் எடுத்து வைக்கிறது? மாத்து றொஷினி, இண்டைக்கே மாத்து."

றொஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மெட்டை மெல்லப் பாடிப் பார்த்தாள். என்ன கொடுமை, படத்துக்கு வெளியே முதல்தடவையாக அண்ணை சரியாகப் பிடித்திருந்தார். அவள் யோசித்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, இது எனக்குள்ள எப்பிடி வந்தது தெரியுமோ? என்ர ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்குக்குப் பக்கத்தில நிண்டு பாடினது நீங்கள்தான். உங்களுக்குத்தான் இது சாவீட்டுப் பாட்டு. எனக்குக் கேக் வெட்டுற பாட்டு. நான் மாத்தமாட்டன், அம்மா."

அண்ணை உயர்த்திய கையை இறக்கினார்.

பாவம், குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. அன்றிலிருந்து வெள்ளி வரை, அழைப்பிதழ் போன வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தார். "சனிக்கிழமை ஒரு நாலு சுரம் வரும். அது சாவீட்டுப் பாட்டில்லை, பயப்பிடாதேங்கோ." எதைப்பற்றிப் பேசுகிறார் என்று விளங்காதவர்களுக்குப் பாடியும் காட்டினார். அவர் சும்மா இருந்திருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை ஓர்கன் தொடங்கியது. இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். நாலாவது சுரம் விழுந்ததும் இருநூறு தலைகள் ஒன்றாக ஆடின. குருவானவரின் தலையும் ஆடியது. அதைக் கண்ட றொஷினி சிரிக்கத் தொடங்கி, அவள் கையைப் பிடித்து வந்த பேனாட் காரணம் தெரியாமலே சிரித்து, கடைசியில் அக்னெஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். ஒரு பெண் இத்தனை சந்தோசமாகப் பீடத்துக்கு நடந்து போனதை நான் கண்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்த இனத்தோடு உங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் இதை வாசிக்கும்போது, பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்க்குள் அந்த நாலையும் முனகிப் பார்த்தது யார்?