மெஷின் குரலில் ஒரு மைனா

கூப்பிட்டது மெஷினா, மைனாவா? மைனாவாகத்தான் இருக்கும், எழுந்திருக்கக் கூடாது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன.

ஜன்னலடியில் சலவை மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே கம்பியில் மைனா. துவைத்து முடித்ததும் மெஷின் போடும் மெட்டை, சுருதி பிசகாமல் இன்னொரு முறை பாடிக் காட்டியது.

வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. இப்படி ஓடித் திரும்பியதில் போன வாரம் ஒரு வரி தப்பிவிட்டது. பதிப்பாளர் போன் செய்தார்.

"உங்க வீட்டுக் கோழி குட்டி போடுதாம்மா? மூணாங்கிளாஸ் புத்தகத்துல போடுது. இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மைனாவின் பாட்டுக்குக் கணவர் கூடத்திலிருந்தே விளக்கம் தந்தார். "ரோட்டு இரைச்சல்ல அதோட சொந்தக் குரல் எடுபடாது. அதான் மெஷின் குரலைக் கடன் வாங்கியிருக்கு. பாவம், மெஷினையே பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

ஆண்குலத்தின் மேல் அவருக்கு இரக்கம் அதிகம். கல்யாணத்துக்கு முன்பு அவரும் மணிக்கணக்கில் பேசியவர்தான். இப்போது பக்கத்து அறையிலிருந்து போனில் 'சார்ஜர்' என்று ஒரு சொல் அனுப்புவார். அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

மெஷினின் மெட்டை மாற்றிப் பார்த்தாள். மைனா அதையும் கற்றுக்கொண்டு, பழையதையும் விடாமல் கச்சேரியை நீட்டியது. சத்தத்தையே அணைத்துவைத்தாள். வினை முற்றியது. துவைத்து முடிந்ததைச் சொல்ல மெஷினுக்கு வாயில்லை. ஈரத்துணி நாறிவிடுமே என்று மைனா பாடும்போதெல்லாம் போய்ப் பார்த்தாள். மைனாவுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. சுள்ளிகளைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் அடுக்கத் தொடங்கியது. மறுநாள் தர வேண்டிய பக்கங்கள் மேசையில் அப்படியே கிடந்தன.

"ஜன்னலை மூடிடு. அது வேற மெஷினைப் பாத்துக்கட்டும்," என்றார் கணவர்.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, எதிர் வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தாள். அண்ணன் சொன்னது காதில் விழ, சுள்ளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"மெஷினையா? உனக்கு விவரம் பத்தாதுண்ணா. நான் எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து தினம் பாக்குறேன். மெஷின் வெச்ச இடத்துலதான் நிக்குது. மைனா குரல் குடுக்குறப்பல்லாம் ஓடி வந்து எட்டிப் பாக்குறது அண்ணிதானே? அது பொண்ணு பாத்து முடிச்சாச்சு."

கணவர் எழுந்தே வந்துவிட்டார். "முதல்ல ஜன்னலை மூடு."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பக்கங்களை மடியில் விரித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க," என்றாள். "அதுவாவது நேர்ல வந்து கூப்பிடுது."