மட்கார்டு நெளிந்து மாண்டுபோன மோரிஸ்

கம்பைநல்லூர்,
10-9-1969, புதன்கிழமை

அன்பு மைத்துனர் சவரிமுத்து அவர்களுக்கு,

மாதாவின் தயவில் பெங்களூரில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பிலவேந்திரன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா இசபெல்லாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அது பொய்யாகிவிடுமோ என்று மூடிவிட்டுப் போய், காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடியும் திறந்திருக்கிறேன். நீங்கள் ஊரை விட்டுப் போகும்போது, "அக்கா கோயிலுக்குப் போக வர இருக்கட்டும் மாமா" என்று கொடுத்துச் சென்ற மோரிஸ் கார் இறந்துவிட்டது. பதற வேண்டாம். வண்டி நன்றாக ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன், இதை விளங்கவைக்கத் தெரியாமல் விழிக்கிறேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்காவது குழம்பினால் குற்றம் என்னுடையது.

ஆடிக் காற்றில் வண்டியை நிழலுக்காக வீட்டுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். ஒரு கிளை முறிந்து விழுந்து முன்பக்க மட்கார்டு நெளிந்தது, ஒரு விளக்கின் கண்ணாடி உடைந்தது. அவ்வளவுதான். நமக்காக வண்டி ஓட்டுகிற மாயவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தர்மபுரில நம்ம டிங்கர் கிட்ட வுட்டா ஒரு மத்தியானத்துல தட்டிக் குடுத்துடுவானுங்க, நீங்க கம்முனு இருங்க" என்றான். நான் கம்மென்று இருந்திருக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், சேதம் எதுவானாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை வேறு யாராவது படித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் படித்திருந்தேன். படித்தபிறகு தெரிவிக்காமல் இருந்தால் தூக்கம் வராது என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். தன்மையான மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், மட்கார்டைக் குனிந்து பார்த்தார், பாலிசியை வாங்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, இது டோட்டல் லாஸுங்க" என்றார். மட்கார்டா என்று கேட்டேன். "மட்கார்டு இல்லைங்க. வண்டியே." புது மட்கார்டும் விளக்கும் சீமையிலிருந்து வரவேண்டுமாம், வந்து சேருகிற செலவு பாலிசியில் போட்டிருக்கும் முழு வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதாம். அதனால் அந்த மதிப்பை நமக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம். அந்த மதிப்பைப் போட்டவன் யார் என்கிறீர்கள்? நான்தான். ஒவ்வொரு வருடமும் ஏஜெண்டு, "மதிப்பைக் கொஞ்சம் தூக்கியே போடுங்க சார்" என்று மன்றாடுவார். வண்டிக்கு வயது ஏறும்போது விலை எப்படிக் குறையாமல் இருக்கும், உண்மைக்கு மாறாக எழுதலாமா என்று நான் வருடந்தோறும் குறைத்துக்கொண்டே வந்தேன். மட்கார்டின் விலை வருடந்தோறும் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டும் எந்த வருடம் ஒன்றையொன்று கடந்தன என்பதைக் கணக்கு வாத்தியாராகிய நான் கவனிக்கவில்லை.

தட்டிச் சரிசெய்தால் போதாதா என்று கேட்டேன். "தட்டுறதெல்லாம் ரூல்ஸ்ல இல்லைங்களே" என்றார். அப்படியானால் நான் எழுதியதையே வாபஸ் வாங்கிக்கொள்கிறேனே என்று சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார். இதற்குள் பஸ் போய்விட்டது. அவருக்கு மொரப்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அவரை நம் காரிலேயே ஏற்றினோம்.

ஏறும்போது மாயவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சார், செத்த வண்டியில உக்கார்றீங்களே, பரவால்லீங்களா?" என்றான்.

"காயிதத்துலதாம்பா செத்துருக்குது. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அப்ப நான் ஓட்டறது என்னாங்க சார்?"

மேட்டில் ஏறும்போது அவர், "பழைய வண்டின்னாலும் நல்லாத்தான் இழுக்குது" என்று தன்னை மறந்து பாராட்டினார். ரயிலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கைகொடுத்து, "வருத்தப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்து, எழவு வீட்டுக்கு வந்தவளைப் போல் வாசலிலேயே நின்று, "வண்டி போயிடுச்சாமாங்க, நல்லாத்தானே இருந்துச்சு" என்று கேட்டுவிட்டு, வண்டியைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோயில் கல்யாணங்களுக்கெல்லாம் பெண்ணழைக்க நம் வண்டியைத்தான் கேட்பார்கள். அடுத்த வாரத்துக்குக் கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நான் யாரைக் குறை சொல்ல முடியும்? செத்துவிட்டது என்று எழுதிக்கொடுத்த ஒன்றில் புதுப்பெண்ணை உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்?

இதெல்லாம் போகட்டும், தம்பி. உங்கள் அக்காவின் வலது கால் வாதத்தில் விழுந்ததிலிருந்து பஸ் படியில் அவளால் ஏற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுவண்டியில் ஒருமுறை கூட்டிப்போனேன், வலியில் அவள் பூசை முழுக்கக் கண்ணை மூடியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் என்ற ஒன்றுதான் அவளுக்கு வாசலைத் தாண்டிய உலகம். வெள்ளிக்கிழமை தர்மபுரியிலிருந்து பச்சியப்பன் என்ற பழைய இரும்பு வியாபாரி லாரியோடு வந்து, கம்பெனி சார்பில் வண்டியை எடுத்துப்போய் உடைக்கப்போகிறார். இதை நான் சொன்னபோது அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற சேலையை மடித்து, டிரங்குப் பெட்டியில் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்தாள். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எனக்கு அதிகாரிகளிடம் பேச வராது. பேசினாலும் அவர்கள் சொல்வதே சரியென்று எனக்கே தோன்றிவிடும். உங்களுக்கு வாய் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்த உடனே புறப்பட்டு வந்து அந்தக் கம்பெனிக்காரர்களிடம் பேசி வண்டியை மீட்டுத்தர வேண்டும். பட்ட பாடு போதும் என்று வண்டியை இப்போது வெட்டவெயிலில்தான் நிறுத்துகிறேன், அந்தப் புளியமரத்தின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். அக்காவின் ஜெபம் உங்கள் வீட்டின்மேல் எப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
வண்டியைக் காக்கத் தெரியாத உங்கள் மாமா
பிலவேந்திரன்

பி.கு.: புதனன்று எழுதியதைத் திருத்திப் படித்துக்கொண்டிருந்ததில் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இன்று வெள்ளி. நீங்கள் வரவேண்டாம். காலையில் பச்சியப்பனின் லாரி வந்தது. ராத்திரி மழையில் நம் வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் சேற்றில் இறங்கிவிட்டது. ஊரார் பின்னால் தள்ள, மாயவன் கயிற்றைக் கட்டி நம் காரால் முன்னால் இழுத்தான். லாரி வெளியே வந்தது. கூடவே நம் காரின் பின்பக்கப் பம்பரும் பிய்ந்து வந்தது. பச்சியப்பன் சேற்றுக்காலோடு நின்று காகிதத்தைப் பார்த்தார். "ஐயா, இதுல முன்னாடி மட்கார்டு, ஒரு லைட்டுன்னுதான் போட்டிருக்குது. பின்னாடி பேத்துக்கிட்டதை நான் ஏத்திட்டுப் போனா பழி என் தலைல வுழும். சர்வேயரு திரும்ப வந்து பாத்து எழுதட்டுங்க" என்று வெறும் லாரியோடு போய்விட்டார். சர்வேயர் தீபாவளி கழித்துத்தான் வருவாராம். அவரைத் திரும்பவும் மொரப்பூரில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்.

உங்கள் அக்கா சன்னல் வழியாக எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பப்ப ஒரு எடத்துல நசுங்கிக்கிட்டே இருக்கட்டுங்க. அவங்க எழுதிக்கிட்டு இருப்பாங்க, நாம கோயிலுக்குப் போயிக்கிட்டு இருக்கலாம்" என்கிறாள். அது நியாயமில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்ததால் காதில் விழவில்லை போலும். வெயில் அதிகமாக இருக்கிறதென்று மாயவன் வண்டியைக் கொண்டுபோய் மறுபடியும் புளியமரத்தடியில் நிறுத்தியிருக்கிறான். மேலே இன்னொரு கிளை காய்ந்து தொங்குகிறது. நான் பார்த்தேன். தள்ளி நிறுத்தச் சொல்லவில்லை.