மாடில்லாத இடத்தில் சோளத்தட்டை

பொழுது விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பழைய பஞ்சுக் கிடங்கின் வாசலில் வரிசை தொடங்கிவிடும். குடம், கேன், பால் தூக்கு என்று ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் குழந்தை குளித்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அந்த வரிசையில் யாருக்கும் கிடையாது.

உள்ளே இருந்தவர் வாக்குச்செல்வர். அவர் தொழில், களையைத் திட்டுவது.

நேராக வயலுக்குப் போய்த் திட்டமாட்டார். வெயில் ஆகாது. கிடங்குக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரைப் பார்த்து, "வாடுக! வீழ்க! விலகுக!" என்று மூன்று முறை திட்டுவார். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வயலில் தெளித்தால் களை வாடும், பயிர் நிற்கும். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்வதில்லையா, அது மாதிரி. தண்ணீர் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று யாரோ ஒரு நாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"ஐயா வாக்கோட சூடு! தண்ணியே கருகிப்போச்சு!" என்றான் உதவியாளன். அவனுக்கு ஊரார் வைத்த பெயர் ஒலிபெருக்கி. நிஜ ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்த வாரத்தில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அந்த வரிசையில் தினமும் முதல் ஆளாக, கையில் இரண்டு கேன்களோடு நின்றவர்தான் நம் மாட்டு டாக்டர்.

டாக்டர் சாதாரண ஆள் இல்லை. பகுத்தறிவுக்காரர் என்று பெயர் எடுத்தவர். மாட்டின் கழுத்தில் தாயத்தைப் பார்த்தால் முதலில் அதைக் கத்தரித்து எறிந்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். "மாடு கேட்டுச்சா தாயத்து? உங்களுக்குத்தான் கட்டணும், மூக்கணாங்கயிறும் சேர்த்து" என்று சொந்தக்காரனைப் பிடி பிடியென்று பிடிப்பார். அப்படிப்பட்டவர் விழுந்தது எப்படி?

அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மக்காச்சோளம் போட்டிருந்தார். களை மண்டிவிட்டது. சும்மா ஒரு வேடிக்கைக்கு வாக்குத் தண்ணீரை வாங்கித் தெளித்தார். இரண்டு வாரத்தில் களை குறைந்தது. "கண்ணால பார்த்தேன்!" என்று அன்று ஆரம்பித்தவர்தான். கண்ணுக்கு மேலே நெற்றி, நெற்றிக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

தண்ணீரோடு ஒரு துண்டுச்சீட்டும் தருவார்கள். பெரிய களைகளை முதலில் பக்தன் தன் கையாலேயே பிடுங்கிவிட வேண்டும். பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகு, புதுக் களை முளை விடும் நேரத்தில் மட்டும் தெளிக்க வேண்டும். டாக்டர் எட்டு நாள் குனிந்து பிடுங்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"முக்கால்வாசி களையை நீங்களே பிடுங்கிட்டீங்களே, அவரு எதுக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"அது பக்தனோட பங்கு. உனக்குப் புரியாது."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது டாக்டர் தலையில் அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். வாரத்துக்கு ஒரு லாரி சோளத்தட்டை, மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தண்டு, அந்தக் கிடங்குக்குள் போகும். டாக்டர் பல முறை பார்த்திருக்கிறார். கிடங்கில் மாடு கிடையாது. கன்றுக்குட்டி கிடையாது. அந்த வட்டாரத்து மாடு ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தவருக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்தும் என்ன தோன்றியது என்றால், "மாடே இல்லாம தட்டை தீருதே, என்ன ஒரு மகிமை!" என்று தோன்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாடுகூட விழுங்கினதைத் திருப்பி எடுத்து அசைபோடும். நான் ஒரே விழுங்கு" என்று இப்போது சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாத காரியம் ஒன்று நடந்தது.

கால்நடை மருந்தகத்துக்குப் பின்புறம் ஒரு பெண் நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். தனியாள். மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைக் குழித்தட்டுகளில் போட்டு, நாற்றாக்கி விற்பாள். அந்தப் பருவத்துக்கு முந்நூறு தட்டு விதைத்திருந்தாள். தட்டுகளில் பொடிக் களை எட்டிப் பார்த்தது. டாக்டர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கையால எடுத்துக்கிட்டு இருக்கே? நம்மகிட்ட ஐயா தண்ணி இருக்கு."

"விதை இன்னும் முளைக்கலையே சார், பரவாயில்லையா?"

துண்டுச்சீட்டில் முழங்கால் உயரம் என்று போட்டிருந்தது. டாக்டர் அதையெல்லாம் தாண்டிய பக்தர். "நல்ல வாக்கு, கெட்டது செய்யுமா?" என்று சொல்லித் தன் கையாலேயே முந்நூறு தட்டுக்கும் தெளித்தார்.

களை வரவில்லை. விதையும் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைநீட்டிய நாலைந்தும் மஞ்சளாகிச் சுருண்டன. நாற்று கேட்டுச் சொல்லிவைத்திருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு வேறு பண்ணைக்குப் போனார்கள்.

டாக்டர் கிடங்குக்கு ஓடினார். வாக்குச்செல்வர் கண்ணை மூடித் திறந்து, "அவ மனசுல சந்தேகம் இருக்கு" என்றார். டாக்டர் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் ஒப்பித்தார்.

அவள் காலித் தட்டைக் கீழே வைத்தாள். அழுதிருந்தால் டாக்டர் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் அழவில்லை.

"சந்தேகமா? எனக்கா? படிச்சவங்க நீங்க சொன்னீங்கன்னுதானே சார் ஊத்த விட்டேன். ஒரு சந்தேகம் வந்திருந்தா என் பருவம் பிழைச்சிருக்குமே!"

டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனார். சாப்பிட உட்கார்ந்தார். எதிரில் அமர்ந்திருந்தார் மாமியார். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஊரே கம்பவுண்டரம்மா என்று கூப்பிடும். மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாக மருமகனின் பக்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்காமல். மாப்பிள்ளை என்ற மரியாதை.

அன்று மரியாதையோடேயே திறந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அத்தை."

"மாடே இல்லாத இடத்துக்குத் தட்டை எதுக்குப் போகுது?"

டாக்டர் வாயைத் திறந்தார். மகிமை என்று சொல்லத்தான் திறந்தார். கையில் எடுத்த சோற்றைத் திருப்பி வைத்தார்.

"முப்பது வருஷம் மருந்து கலந்தவ நான். கலர் தண்ணிக்கு ஜனங்ககிட்ட எவ்வளவு மரியாதைன்னு எனக்குத் தெரியும். உங்க கேனைத் திறந்து மோந்து பார்த்தேன். ஊறின தட்டை வாசனை. சோளம் போட்ட இடத்துல அடுத்த விதை சரியா எழும்பாதுன்னு எங்க அப்பா புலம்புவாரு. அந்தச் செடிகிட்டயே ஏதோ ஒரு சாறு இருக்கு, பக்கத்துல மத்தது வர விடாது. களைன்னும் பாக்காது, மிளகாய்னும் பாக்காது. அதுல சின்னது எதுவோ அது போச்சு. இதுல வாக்கு எங்க வருது?"

"அப்படின்னா... நான் எட்டு நாள் குனிஞ்சது?"

"அது உங்க இடுப்போட பங்கு."

மறுநாள் இருவருமாக ஒரு கட்டுத் தட்டையை நறுக்கி, மருந்தக வாளியில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினார்கள். வாக்கின் சூடு எதுவும் படாமலேயே தண்ணீர் பழுப்பாகக் கருகிப்போயிருந்தது.

"சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க அத்தை. நானே நேத்துவரைக்கும் நம்பியிருக்கமாட்டேன்."

"சொல்ல வேண்டாம். காட்டுவோம். அவரைக் கூப்பிடுங்க, பாராட்டு விழான்னு சொல்லுங்க."

பாராட்டு என்றால் வாக்குச்செல்வர் எந்த வெயிலிலும் வருவார். மருந்தக முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. மாடு கட்டும் கம்பங்களின் மேல்கூட ஆட்கள். நடுவில் மேசை, மேசையில் மூன்று தட்டு. மூன்றிலும் ஒரே வயல் மண், பொடிப்பொடியாக முளை விட்ட களை. நாற்றுக்காரிதான் நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

கம்பவுண்டரம்மா பணிவாகக் கும்பிட்டார்.

"ஐயா, அம்புட்டு தூரம் தண்ணி சுமந்து ஜனங்களுக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு. இந்தக் குழாய்த் தண்ணிக்கே ஒரு வாக்கு சொல்லிட்டீங்கன்னா, அவங்கவங்க வீட்டுக் குழாயிலயே புடிச்சுக்குவாங்க."

ஒலிபெருக்கி பாய்ந்து வந்தான். "கிடங்குத் தண்ணிக்குத்தான் சொல்வாரு!"

"ஏம்பா, ஐயா வாக்கு அந்த வாசல்படி தாண்டாதா?"

இதைக் கேட்டதும் கூட்டத்துக்குத்தான் ரோஷம் வந்தது. "ஐயாவுக்கா முடியாது? சொல்லுங்க ஐயா! காட்டுங்க ஐயா!" என்று பக்தர்களே நெட்டித் தள்ளினார்கள். வாக்குச்செல்வர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பார்த்து மூன்று முறை கத்தினார். அது முதல் தட்டுக்கு.

இரண்டாவது தட்டுக்கு வாளியில் ஊறிய தண்ணீர். கம்பவுண்டரம்மா குனிந்து, "நல்லா வளருங்கடா தங்கங்களா, நூறு வயசுக்கு இருங்க" என்று களைகளைக் கொஞ்சினார். கூட்டம் சிரித்தது. மூன்றாவதுக்கு வெறும் குழாய்த் தண்ணீர். திட்டும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

மூன்று தட்டையும் கம்பி வலை போட்ட அறையில் வைத்தார்கள். இரண்டு பூட்டு. ஒரு சாவி ஒலிபெருக்கியிடம், மற்றது நாற்றுக்காரியிடம். அடுத்த சில நாட்கள் இருவரும் சேர்ந்து திறந்து, அந்தந்தத் தண்ணீரை அந்தந்தத் தட்டுக்கு ஊற்றிவிட்டுப் பூட்டினார்கள்.

பத்தாம் நாள் கதவு திறந்தது.

வாக்குச்செல்வரிடம் திட்டு வாங்கிய களை, மாமியாரிடம் திட்டு வாங்கும் மருமகனைப் போல ஒன்றும் காதில் விழாததாய், தட்டு கொள்ளாமல் தழைத்து நின்றது. மூன்றாவது தட்டும் அதே செழிப்பு. நூறு வயசுக்கு இருக்கச் சொன்ன இரண்டாவது தட்டில் பாதி காணவில்லை. மிச்சம் மஞ்சளாகிக் குன்றிக் கிடந்தது.

வாக்குச்செல்வர் தொண்டையைக் கனைத்தார். "இந்த அம்மா மனசுல சந்தேகம் இருக்கு. அதனாலதான்..."

"அப்படின்னா என் சந்தேகம் உங்க வாக்கைவிட வலுவா இருக்கே ஐயா!"

அப்போதுதான் டாக்டர் முன்னால் வந்தார். "முதல்ல என்னைத் திட்டிடுங்க. வரிசையில முதல் ஆளு நான்தான். உங்கள்ல பாதிப் பேரை இழுத்துட்டு வந்ததும் நான்தான். இந்தம்மாவோட முந்நூறு நாத்துத் தட்டையும் என் கையாலதான் அழிச்சேன். அழிச்சுட்டு அவங்க மனசு சரியில்லைன்னு அவங்ககிட்டயே போய்ச் சொன்னேன். வாரம் ஒரு லாரி தட்டை உள்ள போறதை மாட்டு வைத்தியன் நான் பார்த்தேன். பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். வாங்க, இப்பவாவது போய்த் திறந்து பார்ப்போம்."

கூட்டம் கிடங்குக்குப் போனது. உள் அறையில் தட்டை நறுக்கும் இயந்திரம், வரிசையாக ஊறல் தொட்டிகள், வடிகட்டும் துணி. ஒலிபெருக்கி முதன்முறையாக மெதுவாகப் பேசினான்: "நறுக்கறது மட்டும்தாங்க நான். திட்டறது அவரு." திரும்பிப் பார்த்தால் வாக்குச்செல்வர் பின்வாசல் வழியாக விலகியிருந்தார். "விலகுக" என்று அவர் சொன்னதற்குப் பணிந்த ஒரே ஆள் அவரே.

இத்தோடு ஜனங்களுக்குப் புத்தி வந்தது என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் நடந்தது வேறு. குழந்தைத் தொட்டியோடு வந்தவர் கம்பவுண்டரம்மா காலில் தடாலென்று விழுந்தார்.

"தாயே! நீங்க கொஞ்சினாலே களை சாகுதே! திட்டினா என்ன ஆகும்! நம்ம வயலுக்கு ஒரு நடை வாங்க தாயே!"

கம்பவுண்டரம்மா பொறுமை இழந்து நாம் பார்த்தது அன்றுதான். என்ன திட்டினார் என்பதை அச்சில் போட முடியாது. காலில் விழுந்தவர் எழுந்து ஓடினார்.

டாக்டர் இப்போது காலை நேரத்தில் கிடங்குப் பக்கம் போவதில்லை. நாற்றுக்காரியின் பண்ணையில் உட்கார்ந்து தட்டுகளுக்கு மண் நிரப்புகிறார். அடுத்த பருவ விதைக்கும் அவரே ஏற்பாடு செய்தார். அவள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. "டாக்டர் சொன்னா கேளுங்க, மாட்டு விஷயத்துல மட்டும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டரும் மண்ணை நிரப்பிக்கொண்டே தலையாட்டுகிறார்.

மருந்தக வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். சோளத்தட்டையை நறுக்கி ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, களை பொடியாக இருக்கும்போதே தெளிக்கவும். எல்லாக் களையும் சாகாது, கொஞ்சம் குறையும். புதிதாக விதைத்த இடத்தில் தெளிக்கக் கூடாது. இதற்கு வாக்கு தேவையில்லை, கட்டணமும் இல்லை.

கட்டணம் இல்லை என்பதால் ஒருவரும் நின்று படிப்பதில்லை. போன வாரம் ஒரே ஒருவர் நின்றார். கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தார். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஓடி வந்தார்.

வந்தவர் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரி டாக்டர், ஊறப்போடும்போது எந்தத் திசையைப் பார்த்து நிக்கணும்? அதைப் போடாம விட்டுட்டீங்களே?" என்றார்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய தன்னையே பார்ப்பது போல இருந்தது.

"எந்தத் திசையானாலும் நில்லுங்க அண்ணே. தட்டையை ஒரு நாள் ஊறப்போடுங்க, தப்பில்லை. மூளையை மட்டும் என்னை மாதிரி ஊறப்போட்டுடாதீங்க."