படம் இங்கன, சத்தம் அங்கன

இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு என் பெண்டாட்டி என் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். இப்படியொரு சபதத்தை ஞானசம்பந்தன் காலையில் பல் விளக்கும்போதே எடுத்துவிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். கேட்டிருந்தால் சித்ரலேகா சிரித்திருப்பாள்.

சங்கதி இதுதான். பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டு டி.வி. ஒருநாள் 'டப்'பென்று சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ரிப்பேர்காரர் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். புதுசு வாங்கலாம் என்றாள் சித்ரலேகா. "பாப்போம்" என்றார் ஞானசம்பந்தன். சொன்னாரே தவிர பார்க்கவில்லை. அவர் பார்ப்பதெல்லாம் அறைக்குள் இருந்த கம்ப்யூட்டரைத்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து, கண்காணாத தேசத்து ஆட்களோடு செஸ் விளையாடுவார். சாப்பிடக் கூப்பிட்டால், "பொறு புள்ள, ராணிக்கு ஆபத்து" என்பார். அடுக்களை ராணி தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவாள்.

அப்புறம் ராணி பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். எட்டு மணி சீரியலுக்கு.

பக்கத்து வீடு கணேஷ்ராம் வீடு. தாலுகா ஆபீஸ் உத்தியோகம், தலை நிறையச் சுருட்டை முடி, சுவர் அகலத்துக்கு டி.வி. பார்த்துவிட்டு வருகிறவள் சும்மா வருகிறாளா?

"அத்தான், அம்புட்டுப் பெரிய டி.வி.ய கணேஷ்ராம் அண்ணன் அவுகளே ஆணியடிச்சு மாட்டுனாகளாம்."

"ஆணி அடிக்கதெல்லாம் ஒரு வித்தையாட்டி?"

"அவுக வீட்டு சுகிர்தா மதினிக்குக் காயெல்லாம் அவுகதான் நறுக்கிக் குடுப்பாகளாம். டி.வி. பாத்துக்கிட்டே. வெரல்ல ஒரு கீறல் கிடையாது."

"அவன் வெரல் எப்படி இருந்தா எனக்கென்ன?"

"அதுக்கில்ல. அவுகளா இருந்தா இந்நேரம் நம்ம கம்ப்யூட்டர் மானிட்டர்லயே டி.வி.ய வரவச்சிருப்பாக. எல்லாருக்குமா அந்தக் கை வரும்?"

ஞானசம்பந்தனுக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட புளியோதரைதான் காரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார். அடங்காதபோதுதான் அது புளியோதரை இல்லை, கணேஷ்ராம் என்று புரிந்தது. 'அண்ணன்' என்றுதான் சொல்கிறாள். சொல்லட்டுமே! தினம் எட்டு மணிக்கு அந்தச் சுருட்டை முடியைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு வந்து இந்த வழுக்கையைப் பார்த்தால் மனுஷிக்கு என்ன தோன்றும்? அன்றைக்கு அவர் செஸ்ஸில் ரெண்டு யானையையும் பறிகொடுத்தார்.

விடிந்ததும் சபதம். அரை நாள் லீவு போட்டார். டி.வி. செத்தால் என்ன, கேபிள் பெட்டி உயிரோடு இருக்கிறதே! மானிட்டரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். இனி செஸ் கிடையாது. நெஞ்சு வலித்தது. போகட்டும், கணேஷ்ராம் மூஞ்சியில் கரி பூசினால் போதும்.

கேபிள் பெட்டியிலிருந்து மூன்று வயர் தொங்கின. மஞ்சள், சிவப்பு, வெள்ளை.

"மஞ்சள், குங்குமம், திருநீறு! மூணும் இருக்கு. இனி என்ன குறை?" என்றார்.

குறை மானிட்டர் முதுகில் இருந்தது. மூன்றில் ஒன்றுக்குக்கூட அங்கே ஓட்டை கிடையாது. திருப்பினார். கவிழ்த்தார். வேர்த்தார்.

சித்ரலேகா எட்டிப் பார்த்தாள். "அத்தான், உங்க பேர்ல ஞானமும் இருக்கு, சம்பந்தமும் இருக்கு. ரெண்டுல ஒண்ணை அந்தப் பெட்டிக்குக் குடுக்கப்படாதா?"

"நக்கலாக்கும்? கணேஷ்ராம்னா இந்நேரம் கிழிச்சிருப்பானோ?"

"நான் அவுக பேரையே எடுக்கலையே! பைய செய்யுங்க. எட்டு மணிக்கு நான் அங்கன போயிக்கிடுதேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு பைக் வண்ணார்பேட்டைக்குப் பறந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடை ஷேக் மைதீன் பொறுமைசாலி.

"அண்ணாச்சி, உங்க மானிட்டரு பழசு. பெட்டி புதுசு. ரெண்டும் நேரா சேராது. நடுவுல ஒண்ணு வேணும்."

"நடுவுல எவனும் வரக்கூடாதுவே! நடுவுல ஒருத்தன் நிக்கதுதான் என் பிரச்சினையே!"

"அண்ணாச்சி, நான் கன்வெர்ட்டரைச் சொல்லுதேன்."

ஞானசம்பந்தன் அசடு வழிய வாங்கிக்கொண்டார். "சத்தத்துக்குத் தனியா..." என்று ஷேக் மைதீன் ஆரம்பிப்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

வந்து மாட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. நடுவில் மட்டும் ஏதோ எழுத்து.

"என்ன அத்தான் எழுதியிருக்கு?"

"சிக்னல் இல்லையாம்."

"கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு அது தெரியுமே."

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி சொருகினார். எட்டு மணியும் அடித்தது, திரையும் மின்னியது. பட்டுச்சேலை மாமியார் பளபளவென்று வந்து நின்றாள்.

"வந்துட்டு! ஏட்டி, வந்துட்டு! இப்பம் சொல்லு, யாரு கை கை?"

சித்ரலேகா பாயில் உட்கார்ந்தாள். மாமியார் வாயை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ம்ஹூம். அந்த மானிட்டருக்கு வாயே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் எங்கிருந்தோ சத்தம் கேட்டது. "அடிப் பாவி, என் குடியைக் கெடுத்திட்டியே!" பக்கத்து வீட்டு டி.வி.! அதே சீரியல். இங்கே மாமியார் வாயைத் திறப்பதற்கு முன்பே அங்கே மருமகள் அழுது முடித்தாள்.

"பரவால்ல அத்தான். படம் இங்கன, சத்தம் அங்கன. ஒப்பேத்திக்கிடலாம்" என்று சித்ரலேகா காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தாள்.

ஞானசம்பந்தனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் வீட்டுப் படத்துக்கு அவன் வீட்டுச் சத்தமா? கணேஷ்ராம் இப்போது காது வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிட்டான்! சன்னலைச் சாத்த எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது. பக்கத்து வீட்டு டி.வி. அடங்கியது. சன்னல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுகிர்தாவின் குரல் கேட்டது.

"ஏ லேகா! கம்ப்யூட்டரு கூடத்துக்கு வந்துட்டா? எங்க வீட்டுக்காரக பேரை எடுத்தா வேலை நடக்கும்னு நான் சொன்னேம்லா? அவுகளும் ராதாபுரத்துலேருந்து போன் போட்டுக் கேட்டாக, அண்ணாச்சி செஸ்ஸை விட்டு எழுந்திரிச்சிட்டாகளான்னு!"

ஞானசம்பந்தன் பையத் திரும்பினார்.

"ஏட்டி... கணேஷ்ராம் ராதாபுரத்துலயா இருக்கான்?"

"மாத்தலாகிப் போயி ஒரு மாசம் ஆகுது அத்தான். அங்கனயே ரூம் எடுத்துத் தங்கியிருக்காக."

"அப்பம் தினம் எட்டு மணிக்கு..."

"நானும் மதினியும்தான். அவுக அங்கன இருக்காகன்னு நான் எப்பம் சொன்னேன்?"

"போறதை என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

"அவுகளே வந்து சொன்னாக. உங்க முதுகுக்குப் பின்னால நின்னு, 'போயிட்டு வாரேன் அண்ணாச்சி'ன்னாக. நீங்க திரும்பாமலே, 'கதவைச் சாத்திட்டுப் போங்க'ன்னீக."

ஞானசம்பந்தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். இல்லாத சுருட்டை முடிக்கா ஓமத்தண்ணீர் குடித்தோம்?

"ஒரு சீரியலுக்காகவா இம்புட்டும்?"

"சீரியலு யாருக்கு வேணும்? ஊமைப் படம் ஓடினாலும் சரிதான். எட்டு மணிக்குப் பக்கத்துல ஒரு ஆளு வேணும். முதுகையே பாத்துப் பாத்து உங்க மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு அத்தான்."

அவர் சன்னலை விட்டு வந்தார். பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடிக்கலாம் என்று தன் கையை நீட்டினார்.

நீட்டிய கையில் சீனியவரைக்காய்த் தட்டும் கத்தியும் வந்து உட்கார்ந்தன.

"காய் நகர்த்துனது போதும். நறுக்குங்க."