சும்மா அண்ணையின் புதினப் பலகை

என்னிடம் ஓர் அச்சுத்தாள் இருக்கிறது. அதன் தலையில் உள்ள திகதி: 1970 தை (ஜனவரி) 1, காலை 5.30. கீழே, இணைய உலாவி ஒன்றின் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது என்ற செய்தி. 1970இல் திருகோணமலையில் உலாவியும் இல்லை, இணையமும் இல்லை. அதை அச்சிட்ட மனிதர் பிறந்திருந்தாலே அதிகம். ஆனாலும் என் சேகரிப்பில் முதலாவது உறைக்குள் இருப்பது அந்தத் தாள்தான். போர்க்காலம் முழுவதும் எங்கள் துறைமுகப் பகுதியில் ஒரு பொய்ச்செய்திகூட வெளியிடாத ஒரே செய்தியாளர் அவர்.

பெயர் சும்மா அண்ணை. உள்துறைமுக வீதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். உலகம் முழுக்க முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விட்டுவிட்ட மென்பொருள்கள் மீது அவருக்குப் பக்தி. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் சீடிகளை வருவோர் போவோருக்கெல்லாம் நீட்டி, "சும்மா கொண்டு போங்கோ" என்பார். பெயர் அப்படி வந்தது. அவருக்கு அது பிடிக்காது. "காசில்லை எண்டதில்லை கதை, பூட்டில்லை எண்டதுதான் கதை" என்று விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் ஆள் சீடியோடு போயிருக்கும்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. இடப்பக்கம் செய்திக்கு, 'புதினம்' என்ற தலைப்பில்; வலப்பக்கம் 'கருத்து'. தொலைபேசி வயர் உயிரோடிருக்கும் நேரத்தில் இணையத்துக்குப் போய், அந்த மென்பொருள் உலகத்துச் செய்திகளை அள்ளி அச்சிட்டு, அதைப் பார்த்துச் சோக்கட்டியால் எழுதிவைப்பார். சமாதானம் முறிந்து சண்டை திரும்பியிருந்த காலம். பாதை திறப்பா பூட்டா, ஊரடங்கு எத்தனை மணிக்கு என்று சனம் எந்த எழுத்தைக் கண்டாலும் ஓடிப்போய் வாசித்தது. ஓடிப்போனவர்களுக்குக் கிடைத்தது இது: 'புதினம்: படம் வரையும் மென்பொருளில் புதிய தூரிகை. கருத்து: பழையதே திறம்.'

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் ராசம் அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துக் கேட்டார்.

"தம்பி, நிலாவெளிப் பாதை பூட்டெண்டு கதைக்கினம். உண்மையோ?"

"அது எனக்குத் தெரியாதக்கா. தெரியாததை நான் எழுதிறேல்லை."

"அப்ப இதில என்ன எழுதிக் கிடக்கு?"

"ஒரு மென்பொருள்ல பொத்தானை வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கத்துக்கு மாத்தப்போகினம். ஒரு ஜேர்மன்காரன் ஏலாது எண்டு நிக்கிறான். பிரேசில்காரன் மாத்தத்தான் வேணும் எண்டுறான்."

"ரெண்டு பேருக்கும் வீட்டில வேலை இல்லையோ?"

இப்படிக் கேட்ட அக்காதான் மறுநாளும் வந்தார். "என்னவாம் ஜேர்மன்காரன்?" ஒரு கிழமைக்குள் வீதி இரண்டாகப் பிரிந்தது. அக்கா ஜேர்மன் கட்சி. "வச்ச சாமான் வச்ச இடத்தில இருக்கவேணும். அந்தப் பெடியன் சொல்றது ஞாயம்" என்று மீன் வெட்டியபடியே தீர்ப்புச் சொல்வார். கணினியைத் தொட்டே பார்க்காத தையல்காரர் பிரேசிலுக்காக அவரோடு கதைப்பதையே விட்டார்.

சென்றிக் காவலரணில் நின்ற சிப்பாய்க்கு இந்தக் கூட்டம் பிடிபடவில்லை. மேலதிகாரி வந்தார். தமிழ் தெரிந்தவர்.

"இதை எழுத உமக்கு யார் சம்பளம் தாறது?"

"ஒருத்தரும் இல்லை சேர்."

"அந்த மென்பொருள் எழுதிற ஆக்களுக்கு?"

"அவையளுக்கும் கனபேருக்கு இல்லை சேர்."

"உங்களுக்கெல்லாம் தலைவர் யார்?"

"அதிலதான் சேர் இப்ப சண்டை."

உண்மையைச் சொன்னதால் சந்தேகம் கூடியது. இரண்டு மணித்தியாலம் பலகையை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். போகும்போது அதிகாரி ஒரு சீடி கொண்டுபோனார்.

இனி என் கதை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த நான், வீட்டுக் கணினியில் நாட்குறிப்பு எழுதிவந்தேன். ஒரு நாளுக்கு ஒரு கோப்பு. கடல், கப்பல், ஊரடங்கு, மீன் கிடைத்ததா, வெருகல் பக்கத்தில் இடம்பெயர்ந்த சனம் பைகளோடு வந்திறங்கியதா, அண்ணையின் பலகையில் என்ன, எல்லாம். கண்டதை எழுதப் பயமாயிருந்த நாட்களில் அண்ணையின் பலகையில் இருந்ததை மட்டும் எழுதுவேன். திகதியைக் கோப்பின் பெயரிலோ உள்ளேயோ எழுதியதில்லை. மனிதக் கை பிழைவிடும், கணினி தானே பதியும் என்பது என் கொள்கை.

அந்தக் கணினியை வைரஸ் பிடித்தது. திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. அண்ணை தன் சீடியோடு வந்து அதை எழுப்பினார், கோப்புகள் அத்தனையையும் தன் கணினிக்கு மாற்றினார், என் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துப் புது மென்பொருள் போட்டுத் தந்தார். நான் கை கூப்பினேன். பிறகு கோப்புகளின் திகதியைப் பார்த்தேன். எல்லாம் 1970 தை 1.

"அண்ணை, உங்கட கொம்பியூட்டர்ல நேரம் சரியில்லையோ?"

"உள்ளுக்க ஒரு சின்னப் பற்றரி செத்துப்போச்சு. ஒவ்வொருக்காலும் நிப்பாட்டினா முதல்ல இருந்து தொடங்கும். இது நாள் எண்ணத் தொடங்கிறது 1970 தை 1, உலக நேரப்படி நடுச்சாமம், எங்களுக்குக் காலமை அஞ்சரை."

"மாத்தேல்லையோ?"

"சென்றியில நிண்டு பற்றரி வாங்கப்போறன் எண்டு சொல்லச் சொல்றீரோ? குண்டுக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் ஊரின் கெட்ட நாட்களும் நல்ல நாட்களும் ஒரே காலைப்பொழுதில், ஐந்தரை மணிக்கு, குவிந்து கிடந்தன. திகதி இல்லாத குறிப்பு வெறும் வாய்க்கதை. நாளைக்கு யாராவது 'அது எப்போது நடந்தது' என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அண்ணை கோப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"தம்பி, இதில முழுக்க என்ர பலகையெல்லே இருக்கு."

"ஓம், அதுக்கென்ன?"

"உங்கட ஊர்ப் புதினத்துக்குத் திகதி இல்லை. என்ர புதினத்துக்கு உலகம் முழுக்கத் திகதி இருக்கு."

உண்மைதான். அந்த மென்பொருள்காரர்கள் ஒரு பொத்தானை நகர்த்தினாலும் நாள், மணி, நிமிடம் பதிந்து எல்லோரும் பார்க்கத் திறந்துவைப்பவர்கள். அண்ணை அவர்களுக்கு மடல் போட்டார்: எங்கள் ஊரில் ஒருவர் நாட்களைத் தொலைத்துவிட்டார், தேடித் தாருங்கள். எங்கள் ஊர் எங்கே என்று தெரியாதவர்கள் தேடித் தந்தார்கள். புதிய தூரிகை வந்த நாள் கிடைத்தது. அதே கோப்பில் வெருகல் சனம் வந்திறங்கியிருந்தது. உலாவி வந்த நாள் கிடைத்தது. அன்று துறைமுகத்தில் அரிசிக் கப்பல். அண்ணை புதினத்தை வந்த அன்றே எழுதுபவர். வயர் செத்த நாட்களில் 'பிந்திய புதினம்' என்று நேர்மையாகத் தலைப்புப் போட்டிருந்தார். அப்படிப்பட்டவற்றை நான் 'ஏறத்தாழ' என்று குறித்தேன்.

பொத்தான் மாறிய நாளில்தான் சிக்கல். ஜேர்மனியில் நள்ளிரவு தாண்டியதும் மாறியிருந்தது, பிரேசிலில் அப்போது முந்தின நாள் மாலை. ஜேர்மன்காரர் ஒரு திகதி சொன்னார், பிரேசில்காரர் அதற்கு முந்தின நாள் என்றார். பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது. ராசம் அக்காவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை.

"ஜேர்மன்காரன்ர திகதியைப் போடும்."

நான் இரண்டையும் போட்டு அடிக்குறிப்பு எழுதினேன்.

இப்படி ஒவ்வொன்றாக நாட்கள் திரும்பி வந்தன. இன்று என் குறிப்பேட்டை யாராவது நம்பினால், அதற்குக் காரணம் நானல்ல. சம்பளமில்லாமல் வேலை செய்த முகம் தெரியாத அந்த மனிதர்களும், அவர்களுக்குச் சம்பளமில்லாமல் நிருபராயிருந்த ஒருவரும்தான்.

ஒரே ஒரு கோப்பு மிஞ்சியிருக்கிறது. அதில் நான் எழுதியது இரண்டு வரி: 'கடைகள் பூட்டு. பலகையில் புதினம்: இல்லை. கருத்து: எல்லாரும் கவனமா வீட்ட போங்கோ.' அந்தச் செய்தி உலகத்தின் எந்தப் பதிவிலும் இல்லை. மழைக்கு முந்தி என்கிறார் ராசம் அக்கா. அண்ணையைக் கேட்டால், "அப்பிடி மென்பொருள் இல்லாத கருத்தொண்டு நான் எழுதியிருக்க மாட்டன்" என்கிறார்.

அது எந்த நாள் என்று என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. அந்தக் கோப்பில் மட்டும் 1970 தை 1, காலை 5.30 என்பதை அப்படியே விட்டிருக்கிறேன்.